ஒலியின் வேகத்தில் நியூட்டன் தவறவிட்ட 52 மீட்டர்

ப்ளஸ் ஒன் இயற்பியலில் அலைகள் பாடத்துக்கு வந்தால், வருஷா வருஷம் வகுப்பு ஒரே இடத்தில் நின்றுவிடும். கணக்கு என்னவோ இரண்டே வரிதான். 0 டிகிரி செல்சியஸில் காற்றின் அழுத்தம் 76 செ.மீ. பாதரசம், அடர்த்தி கன மீட்டருக்கு 1.293 கிலோகிராம். நியூட்டனின் சூத்திரப்படி ஒலியின் வேகம் என்ன?

சூத்திரம் எளிது: அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.76 × 13,600 × 9.8 என்று பெருக்கினால் அழுத்தம் 1,01,293 பாஸ்கல். 1.293-ஆல் வகுத்தால் 78,340. அதன் வர்க்கமூலம் 280. ஆக விநாடிக்கு 280 மீட்டர். அளந்து பார்த்தால் வருவது 332. அடுத்த பத்தியில் பிரெஞ்சு அறிஞர் லாப்லஸ் வந்து 1.4 என்று ஒரு எண்ணை உள்ளே நுழைக்கிறார், விடை சரியாகிவிடுகிறது, மூன்று மதிப்பெண். பெரும்பாலான வகுப்புகளில் கதை அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு முறை நோட்டுத் திருத்தும்போது ஒரு மாணவியின் பக்கத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தேன். 280 வரைக்கும் சரியாகப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, வேறு மையில், "× 1.186 = 332" என்று இருந்தது.

"எங்கேருந்து வந்தது இந்த 1.186?"

"பின்னாடி விடை 332-னு போட்டிருக்கு சார். அது வரணும்ல?"

சிரித்துவிட்டு அடித்துவிட்டேன். பிறகு நியூட்டன் இதே இடத்தில் என்ன செய்தார் என்று படித்தபோதுதான், அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுத்திருக்கலாம் என்று பட்டது.

விடையைப் பார்த்துவிட்டுப் போட்ட கணக்கு

நியூட்டனின் பிரின்கிப்பியா நூலின் முதல் பதிப்பு 1687-இல் வந்தது. காற்றை அமுக்கினால் அது எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற இரண்டை மட்டும் வைத்து ஒலியின் வேகத்தைத் தாளிலேயே கணக்கிட முடியும் என்று அவர் காட்டினார். அதுவரை யாரும் செய்யாத வேலை அது. அப்போது அவருக்கு வந்த விடை விநாடிக்கு 968 அடி. அந்த நேரத்தில் அது தவறாகவும் தெரியவில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 208 அடி நீளத் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்று சத்தம் எழுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை ஊசல் குண்டின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். வேகம் 920-க்கும் 1,085-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றது அந்தச் சோதனை. 968 அதற்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

அப்புறம்தான் சங்கடம். எஸ்ஸெக்ஸில் அப்மின்ஸ்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம், தேவாலயக் கோபுரத்தில் ஏறி நின்று, மைல் கணக்கில் தள்ளிச் சுடப்படும் பீரங்கிகளின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். அவர் சொன்ன எண் 1,142 அடி. தாழ்வாரத்து எதிரொலியோடு ஒப்பிட்டால் இது மறுக்க முடியாத அளவீடு.

1713-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நியூட்டனின் கணக்கு 979 அடியாகத் திருத்தப்பட்டிருந்தது. இன்னும் 163 அடி குறைகிறது. அவர் செய்தது இது. முதலில், காற்றின் துகள்கள் கெட்டியானவை. துகளுக்குள் ஒலி நேரமே எடுக்காமல் கடந்துவிடும். ஆகவே வேகத்தோடு ஒன்பதில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம் என்றார். 979-உடன் 109 சேர்ந்து 1,088. அடுத்து, காற்றில் நீராவி கலந்திருக்கிறது. அது ஒலியின் ஆட்டத்தில் கலந்துகொள்வதில்லை. பத்துப் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு ஆவி என்று வைத்தால் வேகம் 20-க்கு 21 என்ற விகிதத்தில் ஏறும் என்றார். 1,088-ஐ 21-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,142.

அடி பிசகவில்லை. டெர்ஹாமின் எண்ணே வந்து நின்றது. என் மாணவியின் 1.186-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நியூட்டன் தன்னுடைய எண்ணை இரண்டாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார் என்பதுதான். ஒன்பதில் ஒரு பங்குக்கும் சரி, பத்துக்கு ஒன்றுக்கும் சரி, தனியாக எந்த அளவீடும் அவரிடம் கிடையாது.

பிழை இருந்த இடமே வேறு. காற்றின் விறைப்புக்கு அவர் பாயில் விதியை எடுத்துக்கொண்டார்: கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். 1662-இலிருந்து எல்லாரும் நம்பிய விதி, சரியான விதியும்கூட. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வெப்பநிலை மாறக் கூடாது.

பம்பு சூடாவது ஏன்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கை பம்பின் அடிப்பகுதியை நாலு குத்துக்குப் பிறகு தொட்டுப் பாருங்கள், சுடும். உராய்வால் என்று எல்லாப் பையன்களும் சொல்வார்கள். உராய்வும் உண்டு. ஆனால் பிஸ்டன் தேய்கிற மேல்பகுதியைவிடக் காற்று நெருக்கப்படும் அடிப்பகுதிதான் அதிகம் சுடுகிறது. காற்றை அமுக்க நாம் செய்யும் வேலை அதன் உள்ளாற்றலாகப் போய்ச் சேர்கிறது. வெளியே ஓட நேரம் கிடைக்காவிட்டால் காற்று சூடாகத்தான் வேண்டும்.

இதைக் கணக்காகப் போட்டால் இப்படி வரும். 27 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் காற்றைப் பாதிக் கன அளவுக்கு அமுக்குகிறோம். மெதுவாக, வெப்பம் முழுவதும் வெளியே கசிய விட்டு அமுக்கினால் அது வெப்பநிலை மாறா நிகழ்வு: அழுத்தம் 2 வளிமண்டலம், வெப்பநிலை அதே 27. சடாரென்று, துளி வெப்பமும் தப்பாமல் அமுக்கினால் அது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. அழுத்தம் 2-இன் 1.4-ஆம் அடுக்கு (லாப்லஸ் நுழைத்த அதே 1.4), அதாவது 2.64 வளிமண்டலம். வெப்பநிலை 300 கெல்வினை 2-இன் 0.4-ஆம் அடுக்கால் பெருக்கினால் 396 கெல்வின், அதாவது 123 டிகிரி செல்சியஸ். நிஜப் பம்பில் உலோகச் சுவர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் இவ்வளவு ஏறாது.

இந்தக் கணக்கில் பாதிப் பேர் 27-ஐ நேராக 1.32-ஆல் பெருக்கி 35.6 டிகிரி என்று எழுதுவார்கள். கெல்வினுக்கு மாற்ற மறப்பது பழைய வியாதி. விடை "நியாயமாக" இருப்பதால் சந்தேகமும் வராது, அதுதான் இதில் ஆபத்து.

2-க்கும் 2.64-க்கும் உள்ள இடைவெளியில்தான் நியூட்டனின் 52 மீட்டர் ஒளிந்திருக்கிறது. சூடான காற்று கூடுதல் விறைப்பு. ஒலியலையில் நெருக்கம் ஏற்படும் இடத்தில் காற்று கொஞ்சம் சூடாகிறது, நெகிழும் இடத்தில் கொஞ்சம் குளிர்கிறது. அந்த வெப்பம் பக்கத்துக்குப் போவதற்குள் அலை புரண்டுவிடுகிறது. ஆகவே வர்க்கமூலத்துக்குள் காமா என்ற எண் வர வேண்டும். வெப்பம் தப்பாமல் அமுக்கும்போது வாயு எத்தனை மடங்கு கூடுதல் விறைப்பாகிறது என்பதுதான் அது; காற்றுக்கு 1.4. 78,340-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1,09,676, வர்க்கமூலம் 331.2.

இந்த யோசனை லாப்லஸுடையது. 1802-இல் இளம் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ அதை முதலில் எழுதினார், லாப்லஸ் தன் பெயரில் 1816-இல் வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், வெப்பத்தைப் பற்றி அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. வெப்பம் என்பது ஒரு வகைத் திரவம், காற்றைப் பிழிந்தால் அது வெளியே தெரிகிறது என்பது அவர்கள் கொள்கை. வேலையும் வெப்பமும் ஒரே நாணயத்தின் சில்லறைகள் என்று ஜூல் நிறுவ இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. தப்பான படத்தை வைத்துக்கொண்டு சரியான சூத்திரத்தைப் பிடித்தார்கள்.

"வேகமாக நடப்பதால்" என்பது பாதி விடை

புத்தகம் சொல்லும் காரணம்: நெருக்கமும் நெகிழ்வும் மிக வேகமாக நடக்கின்றன, காற்று ஓர் அரிதிற்கடத்தி, ஆகவே வெப்பம் பரிமாற நேரமில்லை. தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் உட்கார்ந்து எண் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் உதைக்கும்.

500 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் ஏறக்குறைய 68 செ.மீ. நெருக்கத்திலிருந்து பக்கத்து நெகிழ்வுக்கு வெப்பம் போக வேண்டிய தூரம் அதில் பாதி, 34 செ.மீ. கிடைக்கும் நேரம் அரை அதிர்வு: ஆயிரத்தில் ஒரு விநாடி. காற்றில் வெப்பம் பரவும் குணகம் விநாடிக்குச் சுமார் 0.00002 சதுர மீட்டர். பரவும் தூரம், குணகத்தை நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும்: 0.14 மில்லிமீட்டர். போக வேண்டியது 340 மில்லிமீட்டர், போக முடிந்தது ஒரு தலைமுடியின் தடிமனைக் கொஞ்சம் தாண்டி. புத்தகம் சொன்னது சரி.

இப்போது 20 ஹெர்ட்ஸ், காது கேட்கும் எல்லையின் அடிமட்டம். "மெதுவாக" நடக்கிறது; வெப்பத்துக்கு நேரம் கிடைக்குமே? நேரம் 25 மடங்கு கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் வெப்பம் பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும், ஆகவே 5 மடங்கு மட்டும்: 0.7 மில்லிமீட்டர். போக வேண்டிய தூரமோ 25 மடங்கு கூடி 8.5 மீட்டர் ஆகிவிட்டது. ஆகவே தவில் சத்தத்தின் அடிநாதம், நாதஸ்வரத்தின் உச்ச சுரத்தைவிட இன்னும் கறாராக வெப்பப் பரிமாற்றமில்லாதது. வேகம் மட்டும் காரணமாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? வெப்பத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, அது எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் கேட்க வேண்டும். பம்பு, ஃப்ளாஸ்க், டீசல் எஞ்சின் என்று எந்த வாயுக் கணக்கு வந்தாலும் சூத்திரத்தை எடுப்பதற்கு முன் நான் இப்போது கேட்கச் சொல்வது இதைத்தான்.

இன்னொரு எண்ணும் போட்டுப் பார்க்கலாம். சாதாரணப் பேச்சு காதுக்கு வரும்போது அழுத்த மாற்றம் சுமார் 0.02 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் காற்றின் வெப்பநிலை எவ்வளவு ஏறும்? ஒரு டிகிரியில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. எந்த ஆய்வுக்கூட வெப்பமானியிலும் தெரியாது. ஆனால் அலையின் அழுத்த உயர்வில் ஏறக்குறைய 29 சதவீதம் இந்த வெப்பநிலை ஏற்றத்தால் வருவது. அதை விட்டுவிட்டால் வேகத்தில் 16 சதவீதம் குறைந்துபோகிறது.

1.4-ஐ ஒரு ஜாடிக்குள் பிடிப்பது

லாப்லஸுக்கு அந்த எண் 1.4 என்று தெரியாது. அதைத் தனியாக அளந்தால்தானே, இது நியூட்டன் செய்ததைப் போன்ற ஒட்டுப்போடும் வேலை இல்லை என்று சொல்ல முடியும்? கிளெமாந், டெசோர்ம் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை வைத்து அதை அளந்து 1819-இல் வெளியிட்டார்கள்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் செய்யும் வடிவம் இது. ஜாடிக்குள் கொஞ்சம் காற்றை அடித்து அடைக்க வேண்டும். ஆறும்வரை காத்திருந்தால் பக்கத்து அழுத்தமானிக் குழாயில் நீர்மட்ட வேறுபாடு, வைத்துக்கொள்வோம், 14 செ.மீ. பிறகு மூடியைத் திறந்து "புஸ்" என்று சத்தம் வந்ததும் மூடிவிட வேண்டும். உள்ளே அழுத்தம் வெளியோடு சமமாகிவிட்டது, மட்டம் பூஜ்யம். ஆனால் விரிந்ததால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால், யாரும் எதையும் தொடாமலே, நீர்மட்டம் மெல்ல ஏறும். காற்று அறையின் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறது. 4 செ.மீ.யில் போய் நிற்கும். காமா என்பது 14-ஐ (14 − 4)-ஆல் வகுத்தது: 1.4. முதல் தடவை செய்கிறவர்கள் மூடியை ஒரு நொடி தாமதமாக மூடுவார்கள். அதற்குள் வெப்பம் உள்ளே வந்து, இரண்டாவது மட்டம் குறைந்து, 1.3 கிடைக்கும். கிளெமாந்–டெசோர்முக்குக் கிடைத்ததே சுமார் 1.35தான். அதைச் சூத்திரத்தில் போட்டால் 325. பீரங்கியைப் பார்க்காமல், ஒரு ஜாடியிலிருந்து வந்த எண்!

நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு பயிற்சிக் கணக்கு

இதே காலத்தில் மெட்ராஸிலும் பீரங்கிச் சத்தத்தை அளந்துகொண்டிருந்தார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், 1820, 21-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் வெளிச்சத்தைப் பார்த்து, சத்தம் வரும்வரை நேரம் எண்ணி, 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். வானாய்வகத்திலிருந்து மலை 29,547 அடி தூரம், கோட்டை 13,932 அடி தூரம். அந்த வானாய்வகக் கட்டடம் இன்று இல்லை. தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

முதல் கணக்கு: 30 டிகிரி வெப்பத்தில் மலையின் சத்தம் நுங்கம்பாக்கம் வர எத்தனை விநாடி? இங்கே அழுத்தம், அடர்த்தி இரண்டையும் விட்டுவிட்டு, நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை உள்ளே போட்டால் வரும் வடிவம் வசதி: காமா × வாயு மாறிலி × வெப்பநிலை ÷ மோலார் நிறை, அதன் வர்க்கமூலம். 1.4 × 8.314 × 303 ÷ 0.029 போட்டால் சுமார் 349 மீட்டர். 9,006 மீட்டரைக் கடக்க 25.8 விநாடி. மோலார் நிறையை 29 என்று கிராமிலேயே போட்டவர்களுக்கு ஒலியின் வேகம் 11 மீட்டர் வரும். உசேன் போல்ட் தன் உச்ச வேகத்தில் அதை முந்திவிடுவார். வெப்பநிலையை 30 என்றே போட்டவர்களுக்கு 110.

இரண்டாவது கணக்குதான் ருசி. கோல்டிங்ஹாமின் மாதவாரிச் சராசரியில் ஜனவரிக்கு 1,101 அடி, ஜூலைக்கு 1,164 அடி. 63 அடி வித்தியாசம். வெப்பநிலை மட்டும் காரணமா? சென்னையில் அந்த இரண்டு மாதச் சராசரிக்கும் 6 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் 3.6 மீட்டர், ஏறக்குறைய 12 அடி. மீதி 51 அடி எங்கே போயிற்று?

அவரே காரணங்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். வெப்பமானியின் ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கும் 1.2 அடி. இன்றைய சூத்திரம் 1.1 தருகிறது, அருமையான பொருத்தம். ஆனால் காற்றழுத்தம் காட்டும் பாரமானியின் ஒவ்வொரு பத்தில் ஓர் அங்குலத்துக்கும் 9.2 அடி என்றும் சொல்கிறார். இங்கேதான் நிறுத்த வேண்டும். அழுத்தம் மாறினால் அடர்த்தியும் அதே விகிதத்தில் மாறும். இரண்டின் வகுத்தலில் மாற்றமே இல்லை. கொடைக்கானலில் ஒலி சென்னையைவிட மெதுவாகப் போவது அங்கே குளிர் என்பதால்தான், அழுத்தம் குறைவு என்பதால் இல்லை. அப்படியானால் கோல்டிங்ஹாம் பார்த்தது என்ன? மெட்ராஸில் பாரமானி தனியாக இறங்குவதில்லை. கோடை வந்து தென்மேற்குக் காற்று எழும்பும்போது அழுத்தம் இறங்குகிறது, வெப்பம் ஏறுகிறது, காற்றின் திசையும் மாறுகிறது. எல்லாம் ஒரே மாட்டுவண்டியில் வந்தால் எந்த மாடு இழுத்தது என்று பாரமானிக்குத் தெரியாது.

என் சந்தேகம் காற்றின் மேல். பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஜூலையில் தென்மேற்குக் காற்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு வரும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று எதிரே நிற்கும். அதோடு கோட்டைச் சத்தம் வந்து சேர்வதே 12 விநாடியில். எண்ணுவதில் அரை விநாடி பிசகினாலே 40 அடிக்கு மேல் போய்விடும். பாரிஸில் 1822 ஜூனில் வில்லஜுயிஃப்–மோன்லேரி இடையே 18.6 கிலோமீட்டருக்கு அளந்தபோது இரண்டு முனையிலும் பீரங்கி வைத்தார்கள். போகிற சத்தத்துக்குக் காற்று உதவினால் வருகிற சத்தத்துக்குத் தடுக்கும், சராசரியில் அடிபட்டுப் போகும். 15.9 டிகிரியில் 340.9 மீட்டர் என்று வந்தது. இன்றைய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அரை மீட்டர்கூட விலகாது.

கடைசியாக ஒன்று, இது மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும் கணக்கு. 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ஒலிவாங்கி இருக்கிறது. அங்கே ஒலிக்கு இரண்டு வேகம் என்று 2022-இல் அறிவித்தார்கள். இன்ஜெனுவிட்டி சிறு ஹெலிகாப்டரின் 84 ஹெர்ட்ஸ் முரலல் விநாடிக்குச் சுமார் 240 மீட்டரில் வந்தது. பாறைமேல் லேசர் அடிக்கும் கீச்சுச் சத்தம் 250 மீட்டரில். வாயு கார்பன் டை ஆக்சைடு, மோலார் நிறை 0.044 கிலோகிராம். வெப்பநிலை 240 கெல்வின் என்று வைத்துக்கொண்டு இரண்டுக்கும் காமாவைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முரலலுக்கு 1.27, கீச்சுக்கு 1.38 வந்தது. கீச்சுச் சத்தத்தில் மூலக்கூறின் உள் அதிர்வுக்குள் ஆற்றல் போய்ச் சேரவே நேரமில்லை. முரலலில் நேரம் இருக்கிறது, அதனால் காமா குறைகிறது.

இந்தத் தடவை விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை. ஒரு பையன் மட்டும், "வாயு ஒண்ணுதானே சார், காமா எப்படி ரெண்டு இருக்கும்?" என்று கேட்டு, தன் கணக்கு தப்பு என்று அடித்துவிட்டிருந்தான்.